இருண்ட நாட்டில் ஓர் ஊர்: மின்தொகுப்பு வீழ்ச்சியும் உயிர்பிழைப்புப் புனைவும்

நாடு முழுவதற்குமான மின்தொகுப்பு ஒருநாள் வீழ்ந்து மாதக்கணக்கில் மீளாமல் போனால் மக்கள் எவ்வாறு வாழ்வர் என்ற கேள்வியை மையமாகக் கொண்ட நாவல்கள், கடந்த முக்கால் நூற்றாண்டில், குறிப்பாக அமெரிக்காவில், தனியொரு வகைமையாகத் திரண்டுள்ளன. ஊழிக்குப் பிந்தைய உலகைப் பேசும் புனைவு என்னும் பெரும்பிரிவுக்குள் இவை பொதுவாக அடக்கப்பட்டாலும், இவற்றுக்கென ஒரு தனித்தன்மை உண்டு. ஊழிக்கதைகளில் உலகமே சிதைகிறது; இவற்றிலோ வீடும் வீதியும் வயலும் அப்படியே நிற்க, அவற்றை இயக்கிவந்த ஆற்றல் மட்டும் நின்றுபோகிறது. ஆளற்ற தீவில் ஒருவன் தனித்துப் பிழைக்கும் ராபின்சன் குரூசோ மரபிலிருந்தும் இவை விலகுகின்றன. இங்கே பிழைக்க வேண்டியது ஓர் ஊர். எனவே கதையின் சிக்கல் உணவும் நெருப்பும் தேடுவதோடு முடிவதில்லை. இருப்பதை யாருக்குப் பங்கிடுவது, யாரை ஊருக்குள் விடுவது, தண்டிக்கும் அதிகாரம் யாருடையது என்று விரிகிறது. இவ்வகைமையின் முக்கியப் படைப்புகளை வரிசைப்படுத்தி, உண்மையில் நிகழ்ந்த மின்தொகுப்பு வீழ்ச்சிகளோடு ஒப்பிட்டு, அப்புனைவுகள் எதைச் சரியாகக் கண்டன, எதைக் காணத் தவறின என்பதை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மின்தொகுப்பு என்னும் பிணைப்பு

மின் நிலையங்கள், உயரழுத்தத் தடங்கள், துணைமின் நிலையங்கள், மின்மாற்றிகள் ஆகியவை ஒன்றோடொன்று இணைந்து ஒரே இயந்திரம் போல் இயங்கும் அமைப்பே மின்தொகுப்பு. இதில் உற்பத்தியும் நுகர்வும் நொடிக்கு நொடி சமமாக இருந்தாக வேண்டும். அந்தச் சமநிலையின் அளவுகோல் அதிர்வெண். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். அதிர்வெண் வரம்பைவிட்டு இறங்கினால் மின் நிலையங்கள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே துண்டித்துக்கொள்கின்றன. ஒரு தடம் துண்டிக்கப்பட்டால் அதன் சுமை அடுத்த தடத்தில் ஏறி அதையும் வீழ்த்துகிறது. சில நிமிடங்களில் பல மாநிலங்களை இருளில் ஆழ்த்தும் சங்கிலித்தொடர் வீழ்ச்சி இவ்வாறுதான் நிகழ்கிறது. 2021 பிப்ரவரியில் கடுங்குளிரில் சிக்கிய டெக்சாஸ் மாநிலத்தின் மின்தொகுப்பு, முழு வீழ்ச்சிக்கு 4 நிமிடம் 37 நொடி தொலைவு வரை சென்று மீண்டது.

வீழ்ந்த தொகுப்பை எழுப்புவது, வீழாமல் காப்பதைவிடக் கடினம். பெரிய அனல் நிலையம் ஒன்றைத் தொடங்குவதற்கே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். அது இல்லாதபோது, நீர்மின் நிலையம் போன்ற, தன் காலில் எழக்கூடிய ஒன்றை முதலில் இயக்கி, அதன் துணையால் அடுத்ததை எழுப்பிப் படிப்படியாகத் தொகுப்பை இணைக்க வேண்டும். பொறியாளர்கள் இதை 'பிளாக் ஸ்டார்ட்' என்கின்றனர். பெரும் மின்மாற்றிகளே சிதைந்துபோனால் நிலைமை இன்னும் மோசம். நூறு டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள அவற்றைக் கடையில் வாங்கிவிட முடியாது. ஒவ்வொன்றும் தனித்தனியே செய்யப்படுவது, ஓராண்டுக்கும் மேல் காலம் பிடிப்பது. நீண்ட இருளை நம்பத்தக்கதாக்க நாவலாசிரியர்கள் பற்றிக்கொள்ளும் இடம் இதுவே. தொலைபேசி முதலில் அடங்கும், பின்னர் குழாயில் நீர் நிற்கும், பெட்ரோல் பங்க் மூடும், குளிர்பதனத்தில் இருந்த உணவு கெடும், கடைசியாக மருந்து தீரும் என்ற வரிசை ஏறக்குறைய எல்லா நாவல்களிலும் மீண்டும் மீண்டும் வருவதற்கும் இந்தப் பிணைப்பே காரணம்.

முன்னோடிகள்

மின்சாரம் ஆடம்பரமாக இருந்த காலத்திலேயே அதன் இன்மையைக் கற்பனை செய்தவர்கள் உண்டு. ஈ. எம். ஃபார்ஸ்டர் 1909இல் எழுதிய 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்னும் கதையில், நிலத்தடி அறைகளில் தனித்தனியே வாழும் மனிதர்களுக்குக் காற்று முதல் உரையாடல் வரை அனைத்தையும் வழங்கும் பேரியந்திரம் மெல்லப் பழுதடைந்து நிற்கிறது. பழுதைச் சரிசெய்யத் தெரிந்தவர் எவருமே எஞ்சியிராத சமூகத்தைக் காட்டியதே அக்கதையின் தீர்க்கதரிசனம்.

பிரெஞ்சு எழுத்தாளர் ரெனே பார்ஜவெல் 1943இல் வெளியிட்ட 'ரவாஜ்' இவ்வகைமையின் அரசியலை முதன்முதலில் வெளிப்படையாக்கியது. 2052ஆம் ஆண்டின் பாரிசில் மின்சாரம் திடீரென மறைந்துவிட, பிரான்சுவா என்னும் இளைஞன் ஒரு சிறு கூட்டத்தைத் தெற்கே புரொவான்சுக்கு நடத்திச் சென்று, இயந்திரங்களைத் தடைசெய்த வேளாண் சமூகம் ஒன்றைத் தந்தையாட்சி முறையில் நிறுவுகிறான். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் பிரான்சின் விஷி அரசு 'மண்ணுக்குத் திரும்புதல்' என்பதை முழக்கமாக்கியிருந்த காலத்தில், ஆக்கிரமிப்பாளருக்கு ஆதரவான வார இதழில் இந்நாவல் தொடராக வந்ததை விமர்சகர்கள் சுட்டிக்காட்டுவர். நகரத்தின் வீழ்ச்சியை அழிவாகக் காட்டுவதா, தூய்மையாக்கமாகக் காட்டுவதா என்ற பிரச்சினை இங்கிருந்தே தொடங்குகிறது.

ஜார்ஜ் ஆர். ஸ்டூவர்ட்டின் 'எர்த் அபைட்ஸ்' (1949) வேறு வழியில் செல்கிறது. கொள்ளைநோயில் மனித இனத்தின் பெரும்பகுதி மடிந்த பின், சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் எஞ்சிய ஒரு சிறு குழுவின் கதை இது. மனிதர் மறைந்த பின்னும் தானியங்கி அமைப்புகளின் தயவில் சில காலம் விளக்குகள் எரிவதும், பின்னர் அவை மங்கி அணைவதும், பல ஆண்டுகள் ஓடிவந்த குழாய் நீர் ஒருநாள் நின்றுபோவதும் நிதானமாகச் சித்திரிக்கப்படுகின்றன. குழந்தைகளுக்கு எழுத்தறிவு புகட்ட முயன்று தோற்கும் நாயகன் இஷ், இறுதியில் அவர்களுக்கு வில்லும் அம்பும் செய்யக் கற்றுத்தருவதோடு நிறைவடைகிறான். முன்னோர் கட்டியதைப் பேணாமல் அதன் மிச்சத்தில் வாழும் சமூகம் எத்தனை காலம் தாங்கும் என்ற கேள்வியை ஸ்டூவர்ட் அளவுக்குப் பொறுமையாக வேறெவரும் ஆராய்ந்ததில்லை.

இன்சுலினும் சாலைத் தடுப்பும்

இவ்வகைமையின் அமெரிக்க வடிவத்தை நிலைநிறுத்தியவை மூன்று நாவல்கள்: பேட் ஃபிராங்கின் 'அலாஸ், பாபிலோன்' (1959), லேரி நிவனும் ஜெரி போர்னெலும் இணைந்து எழுதிய 'லூசிஃபர்ஸ் ஹாமர்' (1977), வில்லியம் ஆர். ஃபோர்ஸ்ட்சனின் 'ஒன் செகண்ட் ஆஃப்டர்' (2009). முதலாவதில் அணுப்போரும், இரண்டாவதில் வால்விண்மீன் மோதலும், மூன்றாவதில் வானில் வெடிக்கும் அணுகுண்டின் மின்காந்தத் துடிப்பும் மின்சாரத்தைப் பறிக்கின்றன. காரணம் எதுவாயினும் மூன்றிலும் தவறாமல் இடம்பெறும் கூறுகள் இரண்டு. ஒன்று, இன்சுலின் தீர்ந்து இறக்கும் நீரிழிவு நோயாளி. மற்றொன்று, ஊர் எல்லையில் ஆயுதக் காவல், அல்லது அந்நியரால் வரும் ஆபத்து. முதலாவது, மனிதர் கண்காணாத் தொலைவிலுள்ள முன்பின் அறியாதவர்களைச் சார்ந்திருப்பதன் அடையாளம். இரண்டாவது, அச்சார்பை மறுத்து 'நம்மவர்' யாரென வரையறுப்பதன் அடையாளம். இவ்விரண்டையும் ஒரு நாவல் எவ்வாறு கையாள்கிறது என்பதில் அதன் ஆசிரியரது சமூகப் பார்வை துலங்கிவிடுகிறது.

ஃபிராங்கின் ஃபோர்ட் ரிப்போஸ் என்னும் கற்பனை ஊர் புளோரிடாவில் உள்ளது. அங்கே நாயகன் ராண்டி பிராக்கின் வீட்டுக்குத் தண்ணீர் கிடைப்பது, தோட்டப் பாசனத்துக்கென அமைந்திருந்த, தானே பொங்கும் ஆர்ட்டீசியன் ஊற்றின் குழாயை வீட்டுக்குத் திருப்புவதால். அதில் பக்கத்தில் வாழும் கறுப்பினத்தவரான ஹென்றி குடும்பத்துக்கும் பங்குண்டு. உப்பு தட்டுப்பாடாகும்போது முன்னோர் ஒருவரின் பழைய நாட்குறிப்பு உப்புள்ள இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது; யாரும் மதிக்காதிருந்த ஊர் நூலகம் பொழுதுபோக்குக்கும் அறிவுக்கும் ஒரே களமாகி, நூலகர் ஆலிஸ் குக்ஸி ஊரின் முக்கியப் புள்ளியாகிறார். நிறவேற்றுமைச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த தென்மாநிலத்தில், நெருக்கடி அந்த வேலியைத் தளர்த்துவதாக 1959இல் எழுதியது துணிவே. ஆயினும் தலைமை வெள்ளை இனத்தவரிடமே நிலைபெறுவதும், வழிப்பறிக்காரனைத் தூக்கிலிடும் அதிகாரம் ஒரே மனிதரின் கையில் குவிவதும் அத்துணிவின் வரம்பைக் காட்டுகின்றன.

'லூசிஃபர்ஸ் ஹாமர்' நாவலில் கலிபோர்னியப் பள்ளத்தாக்கில் செனட்டர் ஒருவரின் பண்ணை கோட்டையாகிறது. யாரை உள்ளே அனுமதிப்பது என்பதை அவரவரின் பயன்பாடு தீர்மானிக்கிறது. நீரிழிவு நோயாளியான விஞ்ஞானி டான் ஃபாரெஸ்டர், பயனுள்ள தொழில்நுட்ப நூல்களைப் பிளாஸ்டிக் பைகளில் பூச்சிமருந்தோடு சேர்த்துக் கட்டி மலக்குழித் தொட்டிக்குள் மறைத்துவைத்து, பிற்பாடு அவற்றையே தன் நுழைவுக் கட்டணமாக்குகிறார். அறிவைப் பேணுதல் என்னும் கருத்துக்கு இவ்வகைமை தந்த மிகக் கூர்மையான காட்சி இது. நாவலின் இறுதிப் போர் ஓர் அணுமின் நிலையத்தைக் காப்பதற்கானது என்பதும், உயிர்பிழைப்பதோடு நில்லாமல் மின்சாரத்தை மீட்பதே நாகரிகம் என அது வாதிடுவதும் கவனத்துக்குரியவை. எனினும் எதிரிப் படையை மனித இறைச்சி உண்ணும் கூட்டமாக்கி, அதில் நகர்ப்புறக் கறுப்பினத்தவருக்கு முதன்மை இடம் தந்த சித்திரிப்பு பிற்காலத்தில் கடும் கண்டனத்துக்கு உள்ளானது.

ஃபோர்ஸ்ட்சனின் களம் வட கரோலினாவில் உண்மையிலேயே உள்ள பிளாக் மவுண்டன் என்னும் மலையூர். வரலாற்றுப் பேராசிரியரும் முன்னாள் இராணுவ அதிகாரியுமான ஜான் மாத்தர்சனின் இளைய மகளுக்கு முதல்வகை நீரிழிவு. அவளுடைய இன்சுலின் வெப்பத்தில் வீரியமிழந்து தீர்வதே நாவலின் காலக்கணக்கு. முதியோர் இல்லத்திலிருந்து வலிநிவாரணிகளைத் திருடிய இருவரை நாயகனே ஊர் நடுவில் சுட்டுக்கொல்வதும், நெடுஞ்சாலையில் வரும் அகதிகளில் ஊருக்கு வேண்டிய தொழில் தெரிந்தவரை மட்டும் நிறுத்திக்கொண்டு ஏனையோரைக் காவலோடு கடத்திவிடுவதும் தயக்கமின்றி விவரிக்கப்படுகின்றன. ஆனால் அந்த வடிகட்டலில் சிறுமியே தேறமாட்டாள். அவளைப் பிழைக்கவைக்கக்கூடியது தடுப்புக்கு அப்பால், எங்கோ ஒரு தொழிற்சாலையில், அவளைக் கண்டேயிராத தொழிலாளர்களின் கையில் இருந்தது. நாவல் இந்த முரணைத் துயரமாக உணர்கிறது, ஆனால் அதை வாதமாக எடுத்துச்செல்லவில்லை.

இந்நாவல் இலக்கிய எல்லையைத் தாண்டியும் செல்வாக்குப் பெற்றது. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையின் முன்னாள் தலைவர் நியூட் கிங்ரிச் இதற்கு முன்னுரை எழுதினார். மின்காந்தத் துடிப்பின் ஆபத்தை ஆராய அமெரிக்க நாடாளுமன்றம் அமைத்த ஆணையம் 2004, 2008 ஆகிய ஆண்டுகளில் அறிக்கைகள் அளித்திருந்தது. அச்சத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றதோ நாவல்தான். அதே வேளை, அமெரிக்க மின்துறையின் ஆய்வு அமைப்பான எப்ரி 2019இல் வெளியிட்ட ஆய்வு, அத்தகைய தாக்குதல் பல மாநிலங்கள் அடங்கிய ஒரு வட்டாரத்தை இருளாக்கக்கூடும், ஆனால் நாடு முழுவதும் தொகுப்பை வீழ்த்தாது என்ற முடிவுக்கு வந்தது. ஒரே நொடியில் அனைத்தும் நிற்பது கதைக்கு வசதியான கற்பிதம் என்பதை நினைவில் கொள்வது நல்லது.

வேறு குரல்கள்

தலைவனும் துப்பாக்கியும் காவலும் என்ற இந்த வாய்பாட்டை மறுத்த நாவல்களும் உண்டு. ஜீன் ஹெக்லண்டின் 'இன்டு தி ஃபாரஸ்ட்' (1996) வட கலிபோர்னியக் காட்டில் தனித்துவிடப்பட்ட இரு சகோதரிகளைப் பற்றியது. மின்சாரம் எப்போது, ஏன் நின்றது என்பதே அதில் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. இசை ஒலிக்க வழியின்றி மெட்ரோனோமின் தாளத்துக்கு மட்டும் ஆடிப் பயிலும் ஒருத்தியும், பல்கலைக்கழகத் தேர்வுக்காகக் கலைக்களஞ்சியத்தை முதலிலிருந்து வாசிக்கும் மற்றொருத்தியும், மீண்டும் பழைய உலகம் வரும் என்ற நம்பிக்கையைக் கைவிட எடுத்துக்கொள்ளும் காலமே கதை. 2014இல் வெளிவந்த எமிலி செயின்ட் ஜான் மாண்டலின் 'ஸ்டேஷன் லெவன்' நாவலில், கொள்ளைநோய்க்குப் பின் ஊர் ஊராகச் சென்று ஷேக்ஸ்பியர் நாடகம் நடத்தும் குழு ஒன்று, எல்லை காப்பதற்கு மாறாக ஊர்களை இணைக்கிறது.

வௌப்கேஷிக் ரைஸின் 'மூன் ஆஃப் தி கிரஸ்டட் ஸ்னோ' (2018) இவற்றுள் மிக முக்கியமானது. கனடாவின் அனிஷினாபே என்னும் பூர்வகுடியைச் சேர்ந்த ரைஸ், 2003ஆம் ஆண்டின் பெரும் மின்தடையின்போது தம் ஊரில் இருந்த அனுபவமே நாவலுக்கு வித்து என்று கூறியுள்ளார். வட ஒண்டாரியோவில் தொலைவில் கிடக்கும் பூர்வகுடி ஊருக்குச் செல்பேசியும் மின்சாரமும் நிற்கின்றன. தெற்கே என்ன நடந்தது என்பது பனிவண்டியில் திரும்பிவரும் இரு இளைஞர் சொல்லித்தான் தெரிகிறது. உறைபனியில் குழி தோண்ட இயலாததால் பிணங்களை ஒரு கொட்டகையில் அடுக்கிவைக்கும் நிலை வருகிறது. ஊரின் மூதாட்டி ஐலீன் வழியாக நாவல் முன்வைக்கும் வாதம் எளியது, வலியது: தம் நிலத்திலிருந்து துரத்தப்பட்டபோதும், பிள்ளைகள் பறிக்கப்பட்டு உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோதும் தங்கள் உலகம் முன்பே முடிந்துவிட்டது, முடிந்தும் தாங்கள் வாழ்ந்துவருகிறோம். நாகரிகத்தின் முடிவு என்று வெள்ளையர் நாவல்கள் அஞ்சுவது, பிறருக்கு ஏற்கெனவே நிகழ்ந்த வரலாறு என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஐரோப்பாவில் மார்க் எல்ஸ்பெர்க் ஜெர்மன் மொழியில் எழுதிய 'பிளாக்அவுட்' (2012), இணையவழித் தாக்குதலால் கண்டம் முழுவதும் இருளும் இரு வாரங்களைப் பேசுகிறது. இத்தாலிய வீடுகளின் ஸ்மார்ட் மீட்டர்களில் புகுத்தப்பட்ட ஒரு குறியீட்டைக் கண்டுபிடிக்கும் நிரலாளரே இதன் நாயகர். அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஜெர்மன் நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம், நீண்ட மின்தடை சமூகத்தின் ஒவ்வொரு துறையையும் எவ்வாறு முடக்கும் என்ற விரிவான அறிக்கையை வெளியிட்டிருந்தது. கறவை இயந்திரம் நின்றதால் மடி கனத்துக் கதறும் மாடுகள் போன்ற விவரங்களில் நாவலின் வலிமை உள்ளது. அதைவிட முக்கியம், கட்டுப்பாட்டு அறைகளையும் பொறியாளர்களையும் கதைக்குள் கொண்டுவந்து, மீட்பை ஒரு செயலாகக் காட்டியது.

உண்மையில் நடந்தவை

நியூயார்க் நகரம் மூன்று பெரும் மின்தடைகளைக் கண்டது. சுமார் 3 கோடி மக்களைப் பாதித்த 1965 நவம்பர் 9ஆம் நாள் இரவு அமைதியாகக் கழிந்தது. 1977 ஜூலை 13 அன்று கொள்ளையும் தீவைப்பும் பரவி, 3,000க்கும் மேற்பட்டோர் கைதாயினர். 2003 ஆகஸ்ட் 14 அன்று, ஒகையோவில் மரக்கிளைகளில் உரசிய தடங்களும் எச்சரிக்கை மென்பொருளின் பழுதும் சேர்ந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் சுமார் 5 கோடி மக்களை இருளாக்கியபோது நகரம் மீண்டும் அமைதி காத்தது. மூன்றிலும் இருள் ஒன்றே; வேறுபட்டது 1977இன் வேலையின்மையும் நகர நிர்வாகத்தின் நிதி நெருக்கடியும். என்ரிகோ குவாரன்டெல்லி உள்ளிட்ட பேரிடர்ச் சமூகவியலாளர்கள் பல்லாண்டு கள ஆய்வில் கண்டதும் இதையொட்டியதே: பேரிடரில் பெரும்பான்மையோர் ஒருவருக்கொருவர் உதவுகின்றனர், கும்பல் பீதி அரிது.

அவ்வாறாயின் நீண்ட இருளில் கொல்வது எது? 2017 செப்டம்பர் 20 அன்று மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோவின் மின்தொகுப்பை முழுமையாக வீழ்த்தியது. மின்சாரம் அனைவருக்கும் திரும்ப ஏறத்தாழ 11 மாதங்கள் ஆயின. புயலை அடுத்த ஆறு மாதங்களில் வழக்கத்துக்கு மேல் நிகழ்ந்த இறப்புகள் 2,975 என ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு மதிப்பிட்டது. சிகிச்சை தடைப்பட்டதும் தாமதமானதும் அவ்விறப்புகளுக்கு முக்கியக் காரணங்கள். இன்சுலின் பற்றிய நாவலாசிரியர்களின் அச்சம் மெய்யாயிற்று. கொள்ளைக் கும்பல் பற்றிய அச்சம் அவ்வாறு ஆகவில்லை. அதுந்தாஸ் என்னும் மலையூரில் காசா புவேப்லோ என்ற சமூக அமைப்பின் சூரியமின் தகடுகள் புயலுக்குப் பின்னும் இயங்க, அந்த இடம் அண்டை அயலார் மருத்துவக் கருவிகளை இயக்கவும் செல்பேசிக்கு மின்னேற்றவும் வந்துசேரும் கூடமாயிற்று. விளக்கு எரிந்த இடத்தில் தடுப்பு எழவில்லை.

தமிழரிடையிலும் இத்தகைய நீண்ட இருளின் அனுபவம் உண்டு. போரின் காரணமாக 1990களின் முற்பகுதியில் பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு தேசிய மின்வழங்கல் இன்றி, பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்தது. ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெயும் திரியும் இட்டுச் செய்த விளக்கில் பிள்ளைகள் படித்துப் பொதுத் தேர்வுகள் எழுதினர். மிதிவண்டியைக் கவிழ்த்து டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். சில துளிப் பெட்ரோலால் கிளப்பிய மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். நாவல்கள் எதிர்காலத்தில் வைக்கும் ஓர் உலகில் பள்ளியும் சந்தையும் கோயில் திருவிழாவும் தொடர்ந்து நடந்தன. அதே வேளை, மருந்துத் தட்டுப்பாடு அங்கும் உயிர்களைப் பறித்தது.

விடுபட்டவர்கள்

இவ்வொப்பீடு ஒரு பெரிய இடைவெளியைக் காட்டுகிறது. இந்நாவல்களில் வேட்டைக்காரர், விவசாயி, மருத்துவர், படைவீரர், ஆசிரியர் எல்லோரும் உண்டு. கம்பம் ஏறும் மின்பணியாளரும் துணைமின் நிலைய இயக்குநரும் கட்டுப்பாட்டு அறைப் பொறியாளரும் பெரும்பாலும் இல்லை. மீட்பு தொடங்கினால் கதை முடிந்துவிடும் என்ற கலைக்காரணம் இதற்கு ஓரளவே பொருந்தும். மீட்பு என்பது எல்லைக்கு அப்பாலுள்ளவரின் உதவியின்றி நிகழாதது. ஊரின் தன்னிறைவைப் போற்றும் கதைக்கு அவ்வுண்மை இடையூறானது.

2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் இந்தியாவில் நிகழ்ந்த, 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகளை இருளாக்கிய வீழ்ச்சி இதற்குத் தக்க சான்று. குவாலியர் அருகே 400 கிலோவோல்ட் தடம் ஒன்று துண்டிக்கப்பட்டதில் தொடங்கி, இரண்டாம் நாளில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மண்டலங்கள் வீழ்ந்தன. தென்மண்டலத் தொகுப்பு அப்போது ஏனைய மண்டலங்களோடு ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படாதிருந்ததால் தமிழ்நாடு அதிலிருந்து தப்பியது. தனித்திருத்தலே பாதுகாப்பு என்று வாதிடுவோருக்கு இது சாதகமாகத் தோன்றலாம். ஆனால் வீழ்ந்த மண்டலங்கள் சில மணிநேரங்களில் எழுந்ததற்குக் காரணம், அண்டைத் தொகுப்புகளிலிருந்து கிடைத்த தொடக்க மின்சாரம். தனித்திருந்த தென்மண்டலமும் 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியாக நாட்டுத் தொகுப்போடு இணைந்தது, ஏனெனில் பற்றாக்குறைக் காலத்தில் பிற மண்டலத்தின் மின்சாரத்தைப் பெற அந்த இணைப்பு தேவைப்பட்டது. இணைப்பு வீழ்ச்சியைப் பரப்பவும் செய்கிறது, மீட்பைச் சாத்தியமாக்கவும் செய்கிறது. பொறியாளர்கள் இவ்விரண்டையும் ஒருசேரக் கணக்கில் கொள்கின்றனர், பெரும்பாலான நாவலாசிரியர்களோ முதலாவதை மட்டுமே எடுத்துக்கொள்கின்றனர்.

எனவே இவ்வகைமையின் சாதனையையும் குறையையும் பிரித்தே மதிப்பிட வேண்டும். சுவரில் இருக்கும் பொத்தானுக்குப் பின்னால் எத்தனை மனிதர்களின் உழைப்பு உள்ளது என்பதை வாசகர் உணரும்படி செய்ததில் இந்நாவல்களுக்கு இணையில்லை. மருந்து, நீர், அறிவு ஆகியவை எவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகின்றன என்ற அவற்றின் கணிப்பும் பெரும்பாலும் சரியே. அண்டை ஊரானை முதல் எதிரியாக்கியது மட்டும் சான்றுகளுக்கு ஒவ்வாதது. ரைஸும் ஹெக்லண்டும் மாண்டலும் எல்ஸ்பெர்க்கும் வெவ்வேறு திசைகளிலிருந்து அந்தப் பழக்கத்தைத் தளர்த்தியுள்ளனர். மாற்று மின்மாற்றி எங்கிருந்து வரும், அதை ஏற்றிவரும் வண்டிக்கு வழிவிடுவது யார், அறுந்த கம்பியை இணைக்க வரும் வெளியூர்ப் பணியாளருக்குச் சோறிடுவது யார் என்ற கேள்விகளைக் கதையின் நடுவில் வைத்து எழுதப்படும் நாவலே இவ்வகைமையின் அடுத்த கட்டமாக இருக்க இயலும். அத்தகைய நாவலில் சாலைத் தடுப்பு, ஊரைக் காக்கும் அரணாக இராது, ஊருக்கு மின்சாரம் திரும்பாமல் மறிக்கும் தடையாகவே காணப்படும்.